சரக்கு அனுப்ப எந்த போர்ட்? இந்தியா மேப்பை விரிச்சு வச்சு முடிவு பண்றது எப்படி

ஏற்றுமதி புதுசா ஆரம்பிக்கிறவங்க கிட்ட எந்த போர்ட்ல இருந்து அனுப்பப் போறீங்கன்னு கேட்டா டக்குனு வர்ற பதில் "பக்கத்துல எது இருக்கோ அதுதான்". கூகுள் மேப்ஸ்ல ஃபேக்டரியில இருந்து எத்தனை கிலோமீட்டர்னு பாக்குறாங்க, கம்மியா இருக்குறதை எடுத்துக்குறாங்க, பையருக்கு, அதாவது சரக்கு வாங்குறவருக்கு, அந்த போர்ட் பேரைப் போட்டே கொட்டேஷன் போயிடுது. ஃப்ரைட் புக்கிங் வேலையிலயே தினமும் உக்காந்திருக்கிறதால சொல்றேன், லாரி ஓடுற தூரம் உங்க சரக்கோட பயணத்துல ஒரு சின்ன துண்டுதான், மிச்சம் பூரா கடல். அந்தக் கடல் வழி எப்படி போகும், எத்தனை இடத்துல பெட்டி இறங்கி ஏறும், எந்த மாசம் லேட்டாகும், இதெல்லாம் மலையும் ஆழமும் காத்தும் சேர்ந்து முடிவு பண்ற விஷயம். அதனால ரேட் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் மேப்பை வச்சுக்கிட்டு உக்காருங்க, எப்படி பாக்கணும்னு கீழ எழுதுறேன்.

பையரோட ஊர்ல இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் நம்ம பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, அது தலைகீழ். சரக்கு கடைசியா எந்த ஊர் குடோனுக்கு போய் சேரணும்னு முதல்ல கேளுங்க. "அமெரிக்கா"ன்னு மட்டும் சொன்னா அது பதிலே இல்ல. நியூயார்க், சவானா மாதிரி கிழக்குக் கரை போர்ட்னா கப்பல் மேற்கால போகும், சூயஸ் வழியாவோ ஆப்பிரிக்காவைச் சுத்தியோ. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச்னா பொதுவா கிழக்கால போய் சிங்கப்பூர், சீனா பக்கம் தொட்டு பசிபிக்கைத் தாண்டும். ஒரே நாடுதான், ஆனா உங்க பெட்டி எந்தத் திசையில கிளம்புதுங்கறதே மாறிப்போகுது, அப்ப சென்னையா, மும்பை பக்கத்துல இருக்குற நவ ஷேவாவாங்கற கேள்விக்கும் பதில் மாறும்.

ஜெர்மனி பையர்னா எல்லாரும் ஹாம்பர்க்னு எழுதிடுவாங்க. ஹாம்பர்க் கடல் ஓரத்துல இல்ல, எல்பே ஆத்துல நூறு கிலோமீட்டருக்கு மேல உள்ள போகணும். பையரோட குடோன் ரைன் ஆத்துப் பக்கம் இருந்தா ரோட்டர்டாமோ ஆன்ட்வெர்ப்போதான் அவருக்கு வசதி, அங்க இருந்து பார்ஜ்ங்கற ஆத்துப் படகுலயே மேல கொண்டு போயிடுவாங்க, சுவிட்சர்லாந்தோட பாசல் வரைக்கும் அப்படித்தான் போகுது. தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியான்னா ஏட்ரியாட்டிக் கடல்ல இருக்குற கோப்பர், டிரியெஸ்ட் வழியா எடுக்குறவங்களும் இருக்காங்க. கேட்டுட்டு எழுதுங்க, கேக்குறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல, விவரமான பையர் இந்தக் கேள்வி வந்தா சந்தோஷப்படுவாரு.

கடலே இல்லாத நாடுன்னா இன்னும் கவனம் வேணும். எரித்திரியா 1993ல தனி நாடா போன பிறகு எத்தியோப்பியாவுக்குன்னு கடற்கரையே கிடையாது, சரக்கு பெரும்பாலும் ஜிபூட்டியில இறங்கித்தான் போகுது. உகாண்டாவுக்கு மொம்பாசா. இந்த மாதிரி இடத்துக்கு "சிஐஎஃப் ஜிபூட்டி"ன்னு ரேட், அதாவது அந்த போர்ட் வரைக்கும் கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேத்த விலை, கொடுத்தா உங்க பொறுப்பு ஜிபூட்டியோட முடியுதா, இல்ல அடிஸ் அபாபா வரைக்கும் பையர் எதிர்பாக்குறாரான்னு ஒரு மெயில்ல தெளிவா எழுதி வாங்கிக்கோங்க.

அப்புறம் ஒரே பேர்ல ரெண்டு போர்ட் இருக்கும். டிரிப்போலி லிபியாவுலயும் இருக்கு, லெபனான்லயும் இருக்கு, ரெண்டுமே மெடிட்டரேனியன் கரையில இருக்குற போர்ட்தான். அதனால புக்கிங் கேக்கும்போது ஊர் பேரோட நாட்டு பேரும் போர்ட் கோடும் சேத்துக் கொடுங்க, கோட்ல முதல் ரெண்டு எழுத்து நாட்டைக் காட்டிடும்.

பெரிய கப்பல் எந்த வழியா போகுது

இப்ப மேப்ல இந்தியாவுக்கு கீழ பாருங்க. ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் நடுவுல ஓடுற பெரிய பெரிய கன்டெய்னர் கப்பல் எல்லாம் இலங்கையோட தென்முனையை ஒட்டிப் போகுது. அதுதான் மெயின் ரோடு. சென்னைப் பக்கத்துக் கரையில இருந்து மேற்கால போற கப்பல் நேரா குறுக்கால போக முடியாது, ஏன்னா பாக் நீரிணையும் ராமர் பாலமும் ரொம்ப ஆழம் கம்மி, பெரிய கப்பல் போகவே முடியாது. தூத்துக்குடியில இருந்து சென்னைக்கு ஒரு கப்பல் வரணும்னாலே இலங்கையை ஒரு சுத்து சுத்தித்தான் வரணும். இதுக்காகத்தான் சேதுசமுத்திரம் திட்டத்தை 2005ல ஆரம்பிச்சாங்க, அது முடியல.

கொழும்பு இவ்வளவு பெரிய போர்ட்டா வளர்ந்ததுக்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம். அது மெயின் ரோட்டு மேலயே உக்காந்திருக்கு, அதனால மதர் வெசல்ங்கற அந்தப் பெரிய கப்பல் அங்க வந்து நிக்கும், நம்ம சரக்கு சின்ன ஃபீடர் கப்பல்ல அங்க போய் இறங்கி பெரிய கப்பல்ல மாறும், டவுன் பஸ் பிடிச்சு ஜங்ஷன் போய் எக்ஸ்பிரஸ் ஏறுற மாதிரி. இப்படி நடுவுல கப்பல் மாறுறதுதான் டிரான்ஷிப்மென்ட். இந்தியாவோட டிரான்ஷிப்மென்ட் சரக்குல முக்கால்வாசி ரொம்ப வருஷமா கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் மாதிரி வெளிநாட்டு போர்ட்லதான் மாறிக்கிட்டு இருக்கு.

இதை மாத்தத்தான் விழிஞ்ஞம். திருவனந்தபுரம் பக்கத்துல, சர்வதேச கப்பல் பாதையில இருந்து சுமார் 10 நாட்டிக்கல் மைல்தான், கரைக்கு பக்கத்துலயே 18, 20 மீட்டர் இயற்கை ஆழம். 2024 ஜூலையில முதல் மதர் வெசல் வந்துச்சு, 2025 மே 2ம் தேதி பிரதமர் முறைப்படி திறந்து வச்சாரு, அடுத்த மாசமே 20 அடி பெட்டிக் கணக்குல 24,000க்கு மேல ஏத்துற எம்எஸ்சி இரினா அங்க வந்து நின்னுச்சு. நம்ம ஊர்க்காரங்க இதை உன்னிப்பா கவனிக்கணும்னு நான் நினைக்கிறேன், திருநெல்வேலி, நாகர்கோவில்ல இருந்து பாத்தா கையெட்டுற தூரம். ஆனா அங்க இருந்து நேரா ஏத்தணும்னா ரோடு, ரயில், கஸ்டம்ஸ் ஏற்பாடு எந்த அளவுல இருக்குன்னு கப்பல் புக்கிங் பண்ணிக் கொடுக்குற ஃபார்வர்டர் கிட்ட அன்னைக்கு நிலவரத்தைக் கேட்டுட்டுதான் முடிவெடுக்கணும், டிரான்ஷிப்மென்ட் போர்ட்டுங்கறது வேற, உள்ளூர் சரக்கு ஏத்துற போர்ட்டுங்கறது வேற.

இதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது: உங்க போர்ட்ல இருந்து கிளம்புற கப்பல் நேரா போகுதா, நடுவுல மாறுதா? அதைக் கேக்காம டிரான்சிட் டைமை, அதாவது போய்ச் சேர எத்தனை நாள்ங்கறதை, நம்பாதீங்க. நேரா போறதுன்னா பெட்டி ஒரே தடவை ஏறி ஒரே தடவை இறங்கும். மாறுதுன்னா நடுவுல காத்திருக்கும், அங்க நெரிசல்னா ரோல் ஓவர் ஆகி அடுத்த வார கப்பலுக்குப் போகும்.

கரையோட குணம்

இந்தியாவோட கடற்கரை 7,516 கிலோமீட்டர்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், இப்ப வளைவு நெளிவு எல்லாத்தையும் துல்லியமா அளந்ததுல 11,098 கிலோமீட்டர்னு கணக்கு வந்திருக்கு. ஆனா நீளம் இருக்குன்னு எல்லா இடத்துலயும் போர்ட் கட்ட முடியாது. மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் ரெண்டு விதம்.

கிழக்குல மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரின்னு பெரிய ஆறுங்க மண்ணைக் கொண்டு வந்து கொட்டுது, கரை சமதளமா மணலா இருக்கு, கப்பல் ஒதுங்க இயற்கையான வளைவு கம்மி. அதனால கல்லைக் கொட்டி பிரேக்வாட்டர் கட்டித்தான் துறைமுகம் உண்டாக்கணும். சென்னை அப்படி கட்டினதுதான், கட்டினதோட விளைவை இன்னைக்கும் கண்ணால பாக்கலாம், தெற்கால இருந்து அலையோட நகர்ந்து வர்ற மணல் துறைமுகத்து சுவர்ல தடுத்து மெரினாவா அகலமாச்சு, வடக்கால ராயபுரம் பக்கம் மணல் வராம கரை அரிச்சுக்கிட்டு போச்சு. தூத்துக்குடியும் மன்னார் வளைகுடாவுல செயற்கையா கட்டின துறைமுகம்தான், 1974ல மேஜர் போர்ட் ஆச்சு, 2011ல வ.உ.சி. பேரை வச்சாங்க. விசாகப்பட்டினம் மட்டும் டால்பின்ஸ் நோஸ் மலை மறைப்புல இயற்கையா அமைஞ்சது, நல்ல ஆழம், ஆந்திரா இறால் எல்லாம் பெரும்பாலும் அங்க இருந்துதான் போகுது.

கொல்கத்தாவை தனியா சொல்லணும், அது ஆத்து போர்ட். ஹூக்ளியில கடல் முகத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல வழிகாட்டுற பைலட் வச்சு கடல் ஏத்தத்தைப் பாத்து உள்ள வரணும், வண்டல் படிஞ்சுக்கிட்டே இருக்கும், பெரிய கப்பலுக்கு வழியே இல்ல, அதனாலதான் கீழ ஹால்டியாவை கட்டினாங்க. கன்டெய்னர் எல்லாம் சிங்கப்பூர், கிளாங், கொழும்புன்னு ஃபீடர்லதான் போகும். வடகிழக்கு மாநிலத்து சரக்கு, நேபாள சரக்கு இருந்தா ஒழிய நம்ம பக்கத்துக்காரங்களுக்கு அதுல வேலை இல்ல.

மேற்குல கதையே வேற. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒல்லியான நிலம், வளைகுடாவும் முகத்துவாரமும் நிறைய, ஐரோப்பா, வளைகுடா நாடுகள், ஆப்பிரிக்கா எல்லாத்துக்கும் முகம் கொடுத்த கரை. கராச்சி பாகிஸ்தானுக்கு போனதால வடமேற்குக்கு ஒரு போர்ட் வேணும்னு கட்ச் வளைகுடாவுல காண்ட்லாவை உருவாக்குனாங்க. மும்பை பழைய போர்ட்ல இடம் பத்தாம எதிர்க்கரையில நவ ஷேவா 1989ல வந்துச்சு, இன்னைக்கு ஐரோப்பா, அமெரிக்க கிழக்குக் கரைக்கு நேரடி கப்பல் வேணும்னா முதல்ல பாக்க வேண்டியது நவ ஷேவாவும் குஜராத்தோட முந்த்ராவும்தான். அடுத்து மகாராஷ்டிராவுலயே பால்கர் மாவட்டத்துல வாத்வன், 2024ல அனுமதி கொடுத்து அடிக்கல் நாட்டியிருக்காங்க, அது வந்தா கணக்கு இன்னும் மாறும். நம்ம பக்கத்துல கொச்சி வல்லார்பாடம், 2011ல திறந்தது.

மேஜர் போர்ட், மைனர் போர்ட்னு படிச்சுட்டு குழம்பாதீங்க. மேஜர்னா மத்திய அரசு கைல, மைனர்னா மாநில அரசு கைல, அவ்வளவுதான். முந்த்ரா கணக்குப்படி மைனர், ஆனா நாட்டுலயே பெரிய போர்ட்கள்ல ஒண்ணு. சென்னைக்கு வடக்கால இருக்குற நம்ம காட்டுப்பள்ளியும் அப்படித்தான்.

பாக்க வேண்டிய எண் டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு முங்கி இருக்கலாம்ங்கறது. தூத்துக்குடி 14 மீட்டர் ஒட்டி, நவ ஷேவா 15, முந்த்ரா அதைவிட ஆழம். ஒரு மீட்டர் அதிகமானா எத்தனையோ நூறு பெட்டி கூட ஏத்தலாம், பெரிய கப்பல் வரும், பெட்டிக்கு செலவு குறையும், லைனர்ங்க, அதாவது கப்பல் கம்பெனிங்க, போட்டி போட்டு வருவாங்க. உங்களுக்கு வர்ற ரேட்ல இந்த ஆழம் மறைஞ்சு நிக்குது.

ஃபேக்டரி வாசல்ல இருந்து போர்ட் கேட் வரை

இப்பதான் ரோடு. இங்கயும் கிலோமீட்டர் மட்டும் பாக்காதீங்க, நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது, ஆனா பாலக்காட்டுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு, அதனாலதான் கோயம்புத்தூர்க்காரங்களுக்கு கொச்சி சுமார் 190 கிலோமீட்டர்ல, மலை ஏறாம, கன்டெய்னர் டிரெய்லர் நேரா போற தூரத்துல இருக்கு. அதுவே தேனியில இருந்து கொச்சிக்கு கிட்டதான் தெரியும், கம்பம், குமுளி, மலைப்பாதையில 40 அடி பெட்டியை ஏத்தி இறக்குறது நினைச்சுப் பாருங்க, அவங்க தூத்துக்குடிக்கு இறங்குறதுதான் புத்திசாலித்தனம். திருப்பூர் பனியன் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடிக்கு போறதும் சும்மா பழக்கத்துல இல்ல, மதுரை வழியா சமதளமான நாலுவழி ரோடு, ராத்திரி கிளம்புனா காலைல போர்ட் வாசல்.

சென்னை போர்ட் ஊருக்கு நடுவுல இருக்கு. தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு தென்மேற்குல, போர்ட் வடகிழக்குல, நடுவுல முழு நகரம். மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலை 2012ல நின்னு போய் இப்ப திரும்ப நடக்குது, அது முடியுற வரைக்கும் கேட் கியூவையும் ஒரு செலவா கணக்குல எடுத்துக்கணும். இந்த நெரிசலுக்கு பயந்தே நிறைய பேர் வெளிவட்டச் சாலை வழியா காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் மாறிட்டாங்க. எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001ல வடசென்னை அனல்மின் நிலக்கரிக்காக ஆரம்பிச்சது, இப்ப வண்டியை ஓட்டியே உள்ள ஏத்துற ரோ-ரோ கப்பல்ல கார் ஏத்துறதுக்கு முக்கியமான இடம்.

கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டுல இருக்குறவங்க ஐசிடியில, அதாவது உள்நாட்டு கன்டெய்னர் டிப்போவுல, கொடுத்துட்டு ரயில்ல அனுப்பிடுவாங்க, டெல்லி துக்ளகாபாத், பெங்களூர் வைட்ஃபீல்டு மாதிரி. கோயம்புத்தூருக்கு இருகூர் இருக்கு. கஸ்டம்ஸ் அங்கயே முடிஞ்சிரும், போர்ட்ல போய் நிக்க வேண்டாம். ஆனா ரயில் கிளம்புற நாள் எதுன்னு கேட்டுக்கோங்க, ரேக், அதாவது முழு ரயில், நிரம்புற வரைக்கும் காத்திருந்தா கப்பலை விட்டுருவோம்.

கனமான சரக்கு, கிரானைட் மாதிரி, போர்ட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, ரோட்டு எடை வரம்பு உங்களை அமுக்கும். துணி மாதிரி லேசான சரக்கு நூறு கிலோமீட்டர் கூட ஓடுனாலும் நல்ல கப்பல் கிடைச்சா லாபம்தான். நாமக்கல் முட்டை மாதிரி ரீஃபர்ங்கற குளிர்சாதனப் பெட்டின்னா போர்ட்ல பிளக் பாயின்ட் போதுமா இருக்கா, காலி ரீஃபர் அந்த போர்ட்ல கிடைக்குதான்னு கேளுங்க. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுன்னா ஆபத்தான சரக்கு வகையில வரும், சம்மதிக்கிற லைனர் எந்த போர்ட்டுக்கு வருதோ அதுதான் உங்க போர்ட், வேற யோசனையே வேண்டாம்.

மாசத்தைப் பாருங்க

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடலை கொந்தளிக்க வைக்கும், மேற்குக் கரையில கப்பல் வர்றது தாமதமாகும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடா புயல், அது கிழக்குக் கரைக்கு. 2016 வர்தா, 2023 மிக்ஜாம், ரெண்டுமே டிசம்பர்ல சென்னைப் பக்கத்தை ஒரு வழி பண்ணுன புயல். புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்துற எண் கூடக் கூட போர்ட் வேலை நிக்கும், துறைமுகத்துக்குள்ள நிக்குற கப்பலையே கடலுக்கு அனுப்பிடுவாங்க, ஏன்னா அலையில கப்பல் பெர்த் சுவர்ல மோதிடும், நடுக்கடல்தான் அதுக்கு பாதுகாப்பு. புயல் போன பிறகும் வரிசையில நிக்குற கப்பலை எல்லாம் ஒவ்வொண்ணா உள்ள விட்டு முடிக்க நாள் ஆகும். கிறிஸ்மஸ் சரக்கு அனுப்புறவங்க அக்டோபருக்கு முன்னாடியே ஏத்திடுறது இதுக்காகவும்தான். நவம்பர், டிசம்பர்ல சென்னை வழியா அனுப்ப வேண்டி வந்தா பையருக்கு கொடுக்குற தேதியில ஒரு வாரம் தளர்வா வச்சுக்கோங்க.

நம்ம கரைக்கு வெளிய நடக்குறதும் உண்டு. 2021 மார்ச்ல எவர் கிவன் சூயஸ்ல குறுக்கால மாட்டி ஆறு நாள் உலகமே நின்னுச்சு. 2023 கடைசியில செங்கடல்ல தாக்குதல் ஆரம்பிச்சதும் லைனர்ங்க ஆப்பிரிக்காவோட நன்னம்பிக்கை முனையை, அதாவது கேப்பை, சுத்தப் போனாங்க, ஐரோப்பாவுக்கு பத்து நாள், ரெண்டு வாரம்னு கூடிப்போச்சு. ஐரோப்பா பக்கம் ரேட் கேக்கும்போதெல்லாம் "சூயஸா, கேப்பா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பேப்பர்ல போர்ட் எங்கெல்லாம் வருது

ஒவ்வொரு இடத்துக்கும் கஸ்டம்ஸ் எழுத்தும் எண்ணும் சேந்து ஆறு இடம் வர்ற கோடு வச்சிருக்கு. சென்னை கடல் போர்ட் ஐஎன்எம்ஏஏ1, தூத்துக்குடி ஐஎன்டியூடி1, கொச்சி ஐஎன்சிஓகே1, நவ ஷேவா ஐஎன்என்எஸ்ஏ1. கடைசி எண் 1 வந்தா கடல், 4 வந்தா விமானம், 6 வந்தா ஐசிடி. சென்னைன்னு நினைச்சு 4ல முடியுற கோடைப் போட்டா அது ஏர்போர்ட். உங்க பேங்க் கொடுக்குற ஏடி கோடை (வெளிநாட்டுப் பணம் கையாள அனுமதி உள்ள பேங்க் கிளையோட எண்) நீங்க அனுப்புற அந்தந்த போர்ட்டுக்கு கஸ்டம்ஸோட ஐஸ்கேட் வெப்சைட்ல பதிவு பண்ணியிருக்கணும், அதனால ஒரே ஒரு போர்ட்டுக்கு மட்டும் பண்ணி வைக்காம மாற்று போர்ட் ஒண்ணுக்கும் சேத்து முன்கூட்டியே பண்ணி வச்சுடுங்க, புயல்ல கடைசி நேரத்துல மாத்தணும்னா அப்ப பேங்க்குக்கு ஓட முடியாது.

எல்சி, அதாவது பையரோட பேங்க் தர்ற பண உத்தரவாதம், வாங்குறவங்களுக்கு இது முக்கியம். எல்சியில ஏத்துற போர்ட் "சென்னை"ன்னு இருந்தா நீங்க காட்டுப்பள்ளியில ஏத்துனா பேங்க் டிஸ்கிரிபன்சி, அதாவது பேப்பர் எல்சியோட ஒத்துப்போகலன்னு, போடும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் சரி. அதனால ஒப்பந்தம் பேசும்போதே "இந்தியாவின் எந்த போர்ட்டும்"னு எழுதச் சொல்லுங்க. "டிரான்ஷிப்மென்ட் கூடாது"ன்னு ஒரு வரி வந்தா எடுக்கச் சொல்லுங்க, கொழும்புல மாறாம தூத்துக்குடியில இருந்து ஹாம்பர்க்குக்கு எப்படி போகும்? எல்சிக்கான சர்வதேச விதியான யூசிபி 600ல 20வது ஆர்ட்டிகிள்படி, முழு பயணத்துக்கும் ஒரே பி.எல்., அதாவது கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது, இருந்து அதுல கன்டெய்னர்ல ஏத்துனதா காட்டியிருந்தா அந்த வரி இருந்தாலும் பேங்க் ஏத்துக்கும், ஆனாலும் அந்த வாக்குவாதத்துக்கே இடம் வைக்காம முன்னாடியே நீக்கிடுறது நல்லது.

எஃப்ஓபி, அதாவது கப்பல்ல ஏத்துற வரைக்கும் உள்ள விலைன்னு கொட்டேஷன் போட்டா பின்னாடி ஏத்துற போர்ட் பேர் வரும், சிஐஎஃப்னா இறங்குற போர்ட் பேர் வரும். பேரே இல்லாம வெறும் எஃப்ஓபின்னு அனுப்புற கொட்டேஷன் நிறைய பாக்குறேன், அதை வச்சு பையர் தனக்கு வசதியான போர்ட்டைச் சொல்வாரு, லாரி வாடகை உங்க தலையில.

கரூர்ல இருந்து ஒரு கணக்கு

கரூர்ல வீட்டு உபயோகத் துணி, படுக்கை விரிப்பு, கிச்சன் டவல் செய்யுறவர்னு வச்சுக்குவோம், உயரம் கூடின 40 அடி ஹைக்யூப் பெட்டி, ஹாம்பர்க் போகணும். மேப்ல மூணு வழி தெரியுது. தூத்துக்குடி சுமார் 280 கிலோமீட்டர், கொச்சி சுமார் 320, சென்னை சுமார் 400.

சென்னை தூரமும் அதிகம், போகணும்னா கப்பல் இலங்கையைச் சுத்தி மேற்கால திரும்பணும், ஐரோப்பா சரக்குக்கு அது பின்னாடி போய் முன்னாடி வர்ற கணக்கு. ஒரு நல்ல நேரடி சர்வீஸ் ரேட் கம்மியா வந்தா ஒழிய ஒதுக்கிடலாம். இதே ஆள் சீனாவுக்கோ ஜப்பானுக்கோ அனுப்புனா சென்னைதான் முன்னாடி வரும்.

தூத்துக்குடியில பெரும்பாலும் கொழும்பு ஃபீடர். ஷெட்யூலை திறந்தா டிரான்சிட் டைம் மட்டும் பாக்காம ஃபீடர் கொழும்பு சேர்ற நாளும் மதர் வெசல் கிளம்புற நாளும் தனித்தனியா பாருங்க. ஃபீடர் வெள்ளிக்கிழமை ராத்திரி சேருது, மதர் சனிக்கிழமை கிளம்புதுன்னா பேப்பர்ல பாக்க ரொம்ப அழகா, வேகமா இருக்கும், ஆனா ஃபீடர் அரை நாள் லேட்டானாலே பெட்டி கொழும்பு யார்டுல அடுத்த மதர் வர்ற வரைக்கும் படுத்துடும். நடுவுல மூணு நாலு நாள் இடைவெளி இருக்குற சர்வீஸ் பேப்பர்ல மெதுவாத் தெரியும், ஆனா சொன்ன தேதிக்கு போய் சேரும். நான் எப்பவும் இந்த ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், கடைக்கு சரக்கு போகுற பையருக்கு நாலு நாள் சீக்கிரம் வர்றதை விட சொன்ன நாள்ல வர்றதுதான் பெருசு.

கொச்சியில சில வாரம் நல்ல ரேட் கிடைக்கும், பாலக்காட்டு வழி ரோடும் பரவாயில்ல, அதனால ரெண்டாவது தேர்வா எப்பவும் கேட்டு வச்சுக்கலாம். இதுக்கு மேல நாலாவது ஒரு வழியும் உண்டு, பெட்டியை நவ ஷேவா வரைக்கும் கொண்டு போய் நேரடி கப்பல்ல ஏத்துறது. உள்நாட்டு செலவு ஏறும், ஆனா கொழும்புல நெரிசல் முத்திப்போன சமயத்துல இந்த வழியில போனவங்க தப்பிச்சிருக்காங்க.

ரேட் ஒப்பிடும்போது கடல் ஃப்ரைட்டை மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க. டிரெய்லர் வாடகை போக வர, காலிப் பெட்டி எடுக்குற யார்டு எங்க இருக்கு, போர்ட்ல டெர்மினல் சார்ஜ், சிஎச்ஏ, அதாவது கஸ்டம்ஸ் ஏஜென்ட் கூலி, பி.எல். சார்ஜ், கடல் ஃப்ரைட், அங்க இறங்குற பக்கம் எத்தனை ஃப்ரீ டேஸ், அதாவது கட்டணம் இல்லாம பெட்டியை வச்சுக்கிற நாள், எல்லாத்தையும் ஒரு வரிசையில போட்டு கூட்டுங்க. காலிப் பெட்டி விஷயம் நிறைய பேர் மறக்குறது. இறக்குமதி அதிகம் வர்ற போர்ட்லதான் காலிப் பெட்டி சும்மா கிடக்கும், இறக்குமதி கம்மியான இடத்துல லைனர் வேற போர்ட்ல இருந்து காலியா கொண்டு வரணும், அந்த செலவு உங்க ரேட்லதான் வந்து உக்காரும், சீசன்ல புக்கிங் கன்ஃபர்ம் ஆகியும் பெட்டி இல்லாம நிக்க வேண்டி வரும்.

போர்ட் முடிவானதும் பின்னாடி இருந்து எண்ணுங்க. கப்பல் கிளம்புற நாள், அதுக்கு முன்னாடி கேட் கட்-ஆஃப், அதாவது பெட்டியை போர்ட் உள்ள எடுக்குற கடைசி நேரம், அதுக்குள்ள விஜிஎம், அதாவது நிரம்புன பெட்டியோட சரிபார்த்த எடை, 2016 ஜூலைல இருந்து இது இல்லாம எந்தப் பெட்டியும் கப்பல்ல ஏறாது. அதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற ஷிப்பிங் பில், கஸ்டம்ஸ் அனுமதி, அதுக்கு முன்னாடி ஃபேக்டரியில பெட்டிக்குள்ள சரக்கு அடுக்குற ஸ்டஃபிங், சீல். கரூர்ல திங்கக்கிழமை சாயங்காலம் ஸ்டஃபிங் முடிச்சு சீல் போட்டு கிளம்புனா செவ்வாய் காலைல தூத்துக்குடி, கட்-ஆஃப் புதன் மதியம்னா கையில ஒரு நாளுக்கு மேல இருக்கு, எடையில வித்தியாசம் வந்தாலோ பேப்பர்ல ஒரு எழுத்து தப்பினாலோ சரி பண்ண அந்த நாள் போதும். கட்-ஆஃப் அன்னைக்கே போர்ட் வாசலுக்கு போற மாதிரி யாரும் பிளான் போட வேண்டாம். சர்வீஸ் பேரு, கப்பல் பேரு, நடுவுல மாறுற போர்ட், அங்க எத்தனை நாள், கட்-ஆஃப், அங்க ஃப்ரீ டேஸ், இது ஆறையும் மெயில்ல எழுதிக் கொடுக்குற ஃபார்வர்டர் கிட்டயே புக்கிங்கை கொடுங்க.